சௌந்தரம் கதவைத் திறக்க முப்பத்தொரு பக்கம்

ரஞ்சன் பொய் சொல்லிப் பழக்கப்பட்டவன் அல்ல. நாற்பத்தொன்பது வயதுக்குள் அவன் சொன்ன உருப்படியான பொய் என்று பார்த்தால் ஒன்றுதான் தேறும். அந்த ஒன்றை வைத்துத்தான் அவனுக்குக் கல்யாணமே ஆயிற்று.

நடந்தது 2002இல். அவனுடைய அக்காவும் வள்ளிநாயகியின் சித்தியும் ஒரே அலுவலகம். இருவருமாகப் பேசி, சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையில் இவர்களைச் சந்திக்க வைத்தார்கள். வள்ளிநாயகி யாழ்ப்பாண வழிக் குடும்பம். வழக்கறிஞர் அலுவலகமொன்றில் எழுத்தர். ரஞ்சன் லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த டெக்னீஷியன். அவள் அவனுடைய சம்பளத்தைக் கேட்கவில்லை, அரசாங்க வீட்டுக்கு விண்ணப்பம் போட்டாயிற்றா என்றும் கேட்கவில்லை. 'ஏழாம் எண் வீடு' படித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். தான் ஐந்து முறை படித்த நாவல் அது என்றாள். ரஞ்சன் திருதிருவென்று விழித்துவிட்டு, பாதி படித்தாயிற்று, அடுத்த வாரத்துக்குள் முடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்தான்.

மறுநாளே நூலகத்துக்கு ஓடினான். பழுப்பு நிறத்தில் கெட்டி அட்டை போட்டு மறுபடி கட்டப்பட்ட பழைய புத்தகம். முதல் இருபது பக்கங்களில் ஒரு போஸ்ட்மாஸ்டர் தூங்கி எழுந்து, பல் தேய்த்து, கோட்டு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவ்வளவுதான் நடந்தது. மனுஷன் தெருவில் இறங்குவதற்குள் ரஞ்சனுக்குக் கண் செருகிவிட்டது. வேறு வழியில்லாமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். அங்கே சௌந்தரம் என்று ஒருத்தி மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறாள். வெளியே, ஒன்பது வருஷத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன அண்ணன் கதவைத் தட்டுகிறான். அவள் தாழ்ப்பாளில் கையை வைக்கிறாள். திறக்கவில்லை.

இது போதும் என்று புத்தகத்தை மூடினான். அடுத்த ஞாயிறு அதே கடையில், அவள் கேட்பதற்கு முன்பே இவனாக ஆரம்பித்தான்.

"முடிச்சிட்டேங்க. கடைசில கதவத் தொறக்காம நிக்கிறா பாருங்க, அந்த இடத்துல என்னால தாங்க முடியல. அதுக்கு மேல ஒரு வரி எழுதியிருந்தாலும் கெட்டுப் போயிருக்கும்."

வள்ளிநாயகி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்து முடித்தாள். பெண் வெட்கப்படுகிறாள் என்று இவன் எடுத்துக்கொண்டான். மறுநாள் சித்தி மூலம் சம்மதம் என்று தகவல் வந்தது.

இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஈசூனில் நாலறை வீடு, பாலிடெக்னிக்கில் படிக்கிற மகள் அனுப்ரியா, ரஞ்சனுக்குச் சூப்பர்வைசர் வேலை என்று எல்லாம் நல்லபடியாகவே அமைந்தது. வள்ளிநாயகி மாதம் ஒருமுறை தேக்காவில் ஒரு வாசகர் வட்டத்துக்குப் போவாள். ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடிதான் கூடுமிடம். ரஞ்சனும் கூடவே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பான். அவனை அங்கே இழுத்துப் போனது இலக்கியம் என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அந்தக் கடை மெதுவடை அப்படி.

வட்டத்தை நடத்துகிறவர் அன்னம்மா டீச்சர். பணி ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் குரலில் வகுப்பறை போகவில்லை. மாலை மரியாதை, தலைமையுரை, நன்றியுரை எதுவும் அவருக்கு ஆகாது. அவர் வைத்த வழக்கம் ஒன்றே ஒன்று. ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'முதல் வாசகர்' என்று ஒருவர். அவர் கையில் காகிதமில்லாமல் எழுந்து நிற்க வேண்டும். இந்தப் புத்தகத்தை முதன்முதலில் எந்த வருஷம், எங்கே வைத்துப் படித்தீர்கள் என்று டீச்சர் கேட்பார். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசலாம். இந்தக் கேள்விக்கு முன்னால் நிறைய மேதாவிகள் வேர்த்து விறுவிறுத்துப் போனதை ரஞ்சன் பின்வரிசையிலிருந்து ரசித்திருக்கிறான்.

போன ஆகஸ்டில் டீச்சர் அடுத்த புத்தகம் 'ஏழாம் எண் வீடு' என்று அறிவித்தார். முதல் வாசகர் யார் என்று கேட்டபோது வள்ளிநாயகி கையைத் தூக்கினாள். பேசப்போவது தான் இல்லை, தன் வீட்டுக்காரர் என்றாள்.

"எங்க கல்யாணத்துக்கு முந்தியே படிச்சவர், டீச்சர்."

இருபது தலைகள் ஒன்றாகத் திரும்பின. ரஞ்சன் வாயிலிருந்த வடையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தலையாட்டினான். கூட்டத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

அவன் பயந்ததில் நியாயம் உண்டு. வள்ளிநாயகி எதையும் பொறுத்துக்கொள்வாள், பொய்யைத் தவிர. காய்ச்சல் என்று சொல்லி ஒரு திதிக்கு வராமல் எல்லை தாண்டி ஜோகூருக்குக் கடைத்தெரு சுற்றப் போன சொந்த அக்காவிடம் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள் அவள். அது ஒரு நாள் காய்ச்சல். இதுவோ குடும்பத்துக்கே அஸ்திவாரம். இத்தனை பேருக்கு முன்னால் அது வெளுத்துப் போனால் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? எப்படியாவது படித்துத் தொலைத்துவிடுவது ஒன்றுதான் வழி.

வீட்டு அலமாரியில் அவளுடைய பிரதி இருந்தது. எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரே தொகுதி. அவன் நூலகத்தில் பார்த்தது இவ்வளவு கனமில்லை. புதிய பதிப்பில் எழுத்தைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தான். அதை எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நூலகத்தில் அதே பதிப்பை இரவல் வாங்கி, வேலைப் பையில் ஸ்பானர்களுக்கு நடுவே ஒளித்து வைத்தான். மகளிடம் மட்டும் விஷயத்தைப் பாதி சொன்னான். அவள், "பா, just get a summary லா" என்று போனில் தேடிக் கொடுத்தாள். ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. உலகத்தில் எந்தக் குப்பைக்கும் சுருக்கம் இருக்கிறது, தனக்கு வேண்டிய இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லையே என்று ரஞ்சன் நொந்துபோனான்.

ஈசூனிலிருந்து ரயிலில் போகும்போதும் வரும்போதும் படித்தான். மதியம் புக்கிட் பாஞ்சாங்கில் ஏதாவதொரு அடுக்குமாடி புளோக்கின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தான். முதல் வாரம் முழுக்க அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். போஸ்ட்மாஸ்டர் தெருவில் இறங்க இருபது பக்கம். பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்கலாமா வேண்டாமா என்று சௌந்தரம் யோசிக்க ஒன்பது பக்கம். போஸ்ட்மாஸ்டரோ மகனுக்கு, அதாவது சௌந்தரத்தின் அண்ணனுக்கு, வந்த கடிதத்தைத் தன் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு மூன்று அத்தியாயம் திரிகிறார். கொடுத்துத் தொலையேன் ஐயா என்று ரயிலில் வாய்விட்டே சொல்லிவிட்டான். எதிரே இருந்த சீனக் கிழவி நிமிர்ந்து பார்த்தாள்.

கூட வேலை பார்க்கும் யாக்கூப் தினமும் கதை கேட்பான். ஐம்பது வயது, பொங்கோலில் வீடு, வாழ்க்கையில் ஒரு நாவலும் படிக்காதவன்.

"இன்னக்கி என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல லா. மழ பெஞ்சுச்சு."

இரண்டாவது வாரம் ஏதோ மாறியது. எந்தப் பக்கத்தில் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கடிதத்தை அப்பா ஏன் கொடுக்கவில்லை என்று அவனுக்குத் திடீரென்று புரிந்தது. கொடுத்தால் மகன் போய்விடுவான். கொடுக்காவிட்டாலும் போய்விடுவான், ஆனால் இன்னும் நாலு நாள் கழித்து. அந்த நாலு நாளைத்தான் மனுஷன் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அதற்குப் பிறகு சௌந்தரம் அடுப்படியில் திரும்பினால் எதற்குத் திரும்புகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. சொந்த அக்காவைப் பற்றிக்கூட அவனுக்கு அவ்வளவு தெரியாது. கோபம் முழுவதும் போகவில்லை. கோயில் திருவிழாச் சண்டை எண்பது பக்கம் ஓடியது, ஒருவனுக்கும் அது தேவையில்லை. ஆனாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்காகக் காலையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினான்.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, வீடு திரும்பும் ரயிலில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டாம் பக்கம் வந்தது. அண்ணன் கதவைத் தட்டினான். சௌந்தரம் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். திறக்கவில்லை. ரஞ்சனுக்குத் தெரிந்த பக்கம். பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மீதி நானூறு பக்கம் எதற்கு என்று பக்கத்தைத் திருப்பினான்.

'இரண்டாம் பாகம்' என்று அச்சிட்டிருந்தது.

ரயிலின் ஏர்கான் குளிரில் நின்றுகொண்டிருந்தவனுக்கு முதுகு நனைந்துவிட்டது. 2002இல் அவன் எடுத்தது முதல் பாகம் மட்டுமே. 'முதல் பாகம் முற்றும்' என்று போட்டிருக்க வேண்டிய இடத்தில், திருப்பித் தரும் தேதியை முத்திரை குத்துகிற அந்தக் காலத்துத் தாள் ஒட்டியிருந்தது. இப்போது ஞாபகம் வந்து என்ன செய்ய? இன்னும் பாதிக் கதை இருக்கும்போது, 'அதற்கு மேல் ஒரு வரி எழுதியிருந்தாலும் கெட்டுப் போயிருக்கும்' என்று அடித்துவிட்டிருக்கிறான். அதுவும் ஐந்து முறை படித்தவளிடம்.

அப்படியென்றால் அவளுக்குத் தெரியும். அந்தக் கடையில், அந்த டீயைக் குடிக்கும்போதே தெரியும்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்தும் ஏன் கட்டிக்கொண்டாள், தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மண்டையைக் குடைந்தது. யோசித்துப் பார்த்தால், இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்த நாவலைப் பற்றி வீட்டில் பேச்செடுத்ததே இல்லை. ஒவ்வொரு டிசம்பர் விடுமுறையிலும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படிப்பாள், முடிப்பாள், அலமாரியில் வைத்துவிட்டுச் சமையலுக்குப் போவாள். இவனிடம் பேசி என்ன பிரயோசனம் என்று ஒதுக்கிவிட்டாள் போலும். இப்போது கூட்டத்தைக் கூட்டி மானத்தை வாங்கப் போகிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது. கோபமாக வந்தது. கோபப்படுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்பதும் தெரிந்திருந்ததால் அந்தக் கோபத்தை யாரிடமும் காட்ட முடியவில்லை.

புத்தகத்தை நூலகத்தில் போட்டுவிட்டு, வயிற்றுவலி என்று சொல்லிக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போடவில்லை. ஏனென்றால் சௌந்தரம் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

இரண்டாம் பாகம் அதே கதவருகே தொடங்கியது. ஒரு பக்கம், ஐந்து பக்கம், பத்துப் பக்கம் என்று அவள் நின்றுகொண்டே இருந்தாள். அண்ணன் போன அன்று பெய்த மழை வந்தது. அம்மா செத்தபோது அவன் வராதது வந்தது. சின்ன வயதில் அவளை முதுகில் சுமந்துகொண்டு அவன் பள்ளிக்கூடம் போனதும் வந்தது.

"தொறந்துட்டாளா?" என்று யாக்கூப் ஏணியில் நின்றபடியே கேட்டான்.

"இல்ல லா. இப்பத்தான் மூக்கச் சிந்துறா."

"அவன் போயிருவான் லா, இவ நிக்கிற நிப்புக்கு," என்று யாக்கூப் நிஜமாகவே கவலைப்பட்டான். அந்தப் பாகத்தின் முப்பத்தொன்றாம் பக்கத்தில் தாழ்ப்பாள் விலகியபோது ரஞ்சன் அவனைத்தான் முதலில் போனில் அழைத்துச் சொன்னான்.

கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மோட்டார் அறையில் நாவல் முடிந்தது. கடைசி அத்தியாயத்தில் அண்ணனும் தங்கையும் கிழடாகிவிட்டிருக்கிறார்கள். அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறார்கள். உப்புப் போட்டாச்சா என்று அண்ணன் கேட்கிறார். ஆச்சு என்கிறாள். முற்றும். எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு இதுதானா முடிவு என்று கத்த வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. கத்த வாயைத் திறந்தால் அழுகை வந்தது. மோட்டார் ஓடும் சத்தத்தில், யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், அழுது தீர்த்தான்.

ஞாயிறு நான்கு மணிக்கு மாடியில் நாற்காலி நிறைந்துவிட்டது. வள்ளிநாயகி இரண்டாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சமாளிக்கிற வழி ஒன்று அவன் கையில் இருக்கத்தான் செய்தது. புத்தகத்தை இப்போது முழுக்கப் படித்தாயிற்று. 2002, நூலகம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேலே பேசினால், அந்த அறையில் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அவளும் இத்தனை வருஷம் சொல்லாதவள் இன்றைக்கா சொல்லிவிடப் போகிறாள்?

டீச்சர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். எந்த வருஷம், எங்கே?

ரஞ்சன் வள்ளிநாயகியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களைப் பார்த்ததும், இவள் மானத்தை வாங்க வந்தவள் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அவளும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள்.

"இந்த வருஷம்," என்றான். "போன மாசம் ஆரம்பிச்சு முந்தாநாள்தான் முடிச்சேன். ரயில்ல வச்சுப் படிச்சேன். கல்யாணத்துக்கு முந்திப் படிச்சேன்னு சொன்னது பொய்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ரஞ்சன் நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னான். பழுப்பு அட்டை, இருபது பக்கம், தேதித் தாள், கடையில் அடித்த வசனம் என்று ஒன்று விடாமல் சொன்னான். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவன் நாவலைப் பற்றிப் பேசினான். அப்பாவின் கோட்டுப் பையைப் பற்றிப் பேசினான். கறிவேப்பிலைக்கு ஒன்பது பக்கம் அநியாயம் என்றான், ஆனால் அதைப் படித்த பிறகு சௌந்தரம் யாரிடமும் எதையும் கேட்க மாட்டாதவள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது என்றான்.

"நூறு பக்கத்தக் கிழிச்சுப் போடலாம். எந்த நூறுன்னு கேட்டா சொல்லத் தெரியல. திருவிழாவக் கிழிக்கலாம்னு நெனச்சேன். அதுலதான் அண்ணங்காரன் மொதத் தடவ சிரிக்கிறான். அதயும் கிழிக்க மனசு வரல. இவ்ளோ மெதுவா ஏன் எழுதணும்னு இப்பவும் எனக்குக் கோபம் இருக்கு. ஆனா இவங்கள விட்டுட்டு வந்தது கஷ்டமா இருக்குங்க."

உட்கார்ந்துவிட்டான். கேள்வி கேட்பவர்கள் கேட்கலாம் என்றார் டீச்சர். வள்ளிநாயகி எழுந்தாள். கூட்டத்தில் பேசுகிற தமிழில்தான் ஆரம்பித்தாள். கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள்.

"அழுதேன். ஒனக்குப் போன் பண்ணணும்னு தோணுச்சு. பண்ணல. பயமா இருந்துச்சு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மனசு தாங்காதபோது அவளுக்கு அம்மா வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

"எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் ஓம் எண்டு சொன்னனான். எனக்காக ஒருத்தர் கடைசிப் பக்கத்தையாவது பார்த்து, ஒரு பொய்யைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார் எண்டு சிரிப்பா இருந்தது, சந்தோசமாவும் இருந்தது. ஆனா பிறகு வீட்டில அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கதைச்சாலும் நீங்கள் மாட்டுப்பட்டுப் போவீங்கள். உங்களுக்கு வெக்கமாப் போயிடும். அதாலதான் நான் கதைக்கேல்லை. இருவத்திரண்டு வருசமா ஒருத்தரோடயும் வீட்டில கதைக்கேல்லை. போன கூட்டத்தில நான் கையைத் தூக்கினது, இப்பிடியாவது நீங்கள் படிப்பீங்கள் எண்டுதான்."

அவள் உட்கார்ந்தாள். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, வடை ஆறிப் போகிறது என்றார்.

திரும்பும்போது ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றான். போஸ்ட்மாஸ்டர் முதல் பக்கத்தில் எந்தக் கையால் கோட்டை எடுக்கிறார் என்று கவனித்தீர்களா என்று அவள் கேட்டாள். அவன் கவனித்திருக்கவில்லை. அவள் சொன்னாள். நியூட்டனில் ரயில் மாறும்போதும் சொல்லிக்கொண்டே நடந்தாள். முப்பத்தொரு பக்கம் அதிகம்தான் என்று அவன் வாதாடினான். ஒரு பக்கம்கூடக் குறைக்கக் கூடாது என்று அவள் சண்டைக்கு வந்தாள். அவ்வளவு பேச்சு அவளிடம் இருந்தது அவனுக்குத் தெரியாது. இத்தனையையும் இவளுக்குள்ளேயே பூட்டி வைக்கச் செய்தோமே என்று அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அதற்கு அவள் இடம் கொடுத்தால்தானே. ஈசூன் வந்து இறங்கியபோது அவள் இன்னும் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை.